கேட்டால் மட்டும் போதாது, பதில் சொல்ல வேண்டும்

மைசூரில் வார்டு வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்குச் சில அறிவுரைகள்

மாநகராட்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், கார்ப்பரேட்டராக நிற்க ஆசைப்படுபவர்கள், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகிவிட்டு என்ன செய்வதென்று விழிப்பவர்கள் என்று பலர் என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: ஜனங்களோடு எப்படிப் பேசுவது? இந்த ஊரில் மக்களுக்கும் மாநகராட்சிக்கும் நடுவே அலைந்தே என் தலை நரைத்தது. அப்படிக் கற்றதை இங்கே எண் போட்டு எழுதித் தருகிறேன்.

இந்த விஷயத்தில் மைசூருக்குப் பெரிய பரம்பரை உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து மைசூர் சமஸ்தானத்தின் திவானான சி. வி. ரங்காச்சார்லு 1881 அக்டோபர் 7 அன்று இங்கே பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். அப்போது மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார். தசராவை ஒட்டி நடந்த அந்த முதல் கூட்டத்துக்கு 144 பேர் வந்தார்கள். தாலுகாக்களிலிருந்து விவசாயிகளும் வந்தார்கள், வியாபாரிகளும் வந்தார்கள். அந்தச் சபைக்குச் சட்டம் போடும் அதிகாரம் கிடையாது, செலவை நிறுத்தும் அதிகாரமும் கிடையாது. ஆனாலும் திவான் அவர்கள் முன் நின்று அரசாங்கத்தின் வரவு செலவையும் செய்த வேலைகளையும் சொன்னார். வந்தவர்கள் தங்கள் ஊர்க் குறைகளைச் சொன்னார்கள், அதற்கு அரசாங்கம் பதில் சொன்னது. நம்முடைய டவுன் ஹால் அவர் பெயரில் கட்டப்பட்ட நினைவு மண்டபம்தான்.

கணக்கைச் சொல், குறையைக் கேள், பதிலைக் கொடு. இந்த மூன்றில் முதல் இரண்டையும் இன்று ஏதோ ஒரு வகையில் செய்கிறோம். மூன்றாவதை விட்டுவிடுகிறோம். நான் கீழே சொல்லும் எல்லாமே அந்த மூன்றாவதை நோக்கித்தான் போகிறது.

1. முடிவு எடுப்பதற்கு முன்னால் போய்க் கேளுங்கள்.

டெண்டர் விட்டு, கான்ட்ராக்டர் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு கூட்டம் போட்டால் அதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர் வைக்க முடியாது. 2021-இல் லலிதமஹால் அரண்மனைக்கு அருகே ஹெலிபேட் அமைக்கச் சுமார் 600 மரங்களை வெட்டும் திட்டம் வந்தது. வனத்துறை ஆட்சேபணைகளைக் கேட்டது. ஏப்ரலில் நடந்த விசாரணையில் ஊரே திரண்டு எதிர்ப்புச் சொன்னது, திட்டம் கைவிடப்பட்டது. அரசாங்கம் தோற்றுப்போனதாக அதை யாரும் நினைக்க வேண்டாம். மரம் நிற்கும்போதே கேட்டதால் தவறு நடக்காமல் தடுக்க முடிந்தது.

2025 ஏப்ரலில் ஹைதர் அலி சாலையை அகலப்படுத்த 40 மரங்கள் வெட்டப்பட்டன. ஜனங்களுக்கு விஷயம் தெரிந்தபோது அடிமரம்தான் மிச்சம் இருந்தது. 50 மரங்களுக்கு மேல் போனால்தான் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின் ஏற்பாடு. எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கலாம். ஆனால் தினமும் அந்த நிழலில் நடந்தவர்களுக்கு நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் தெரியாது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் கேளுங்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கும்.

2. சட்டம் உங்கள் கையில் கொடுத்திருப்பதை வரி வரியாகத் தெரிந்து வைத்திருங்கள்.

அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்று அது சொல்கிறது. 2018 தேர்தலின்போது மைசூரில் 65 வார்டுகள் இருந்தன. கர்நாடக மாநகராட்சிச் சட்டத்தில் 2011-இல் சேர்த்த பகுதிப்படி, கார்ப்பரேட்டர் தலைமையில் பத்துப் பேர் கமிட்டியில் இருக்க வேண்டும். அதில் மூன்று பேராவது பெண்கள், இரண்டு பேர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், இரண்டு பேர் குடியிருப்போர் சங்கங்களிலிருந்து. அதற்குக் கீழே வார்டின் சிறு பகுதிகளுக்கான ஏரியா சபா உண்டு.

ஏட்டில் இருப்பது நடப்பில் வர எத்தனை போராட்டம் என்று மைசூரு கிராஹகரா பரிஷத் போன்ற அமைப்புகளைக் கேட்டால் சொல்வார்கள். 2018-இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2023 நவம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு கார்ப்பரேட்டர் இல்லாமல் நிர்வாகியின் பொறுப்பில் ஊர் நடந்ததையும் பார்த்தோம். வார்டில் போய்க் கேட்க ஒரு ஆள் இல்லாதபோது சின்ன வடிகால் அடைப்புக்குக் கூட ஜனங்கள் எங்கே போவதென்று தெரியாமல் அலைவார்கள். தேர்தல் தள்ளிப்போகும் காலத்தில் அதிகாரிகளுக்குக் காது இரண்டு மடங்கு வேண்டும்.

3. அறிவிப்பை எழுதினால், அதைப் படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும்.

தண்ணீர் நிற்கும் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எப்படி எழுதுகிறோம்? "தொழில்நுட்பக் காரணங்களால் நகரின் சில பகுதிகளில் குடிநீர் விநியோகத்தில் வியத்யயம் ஏற்படும். பொதுமக்கள் ஒத்துழைக்கக் கோரப்படுகிறார்கள்." இதைப் படித்த அம்மாவுக்கு இன்று குடத்தை நிரப்பி வைக்க வேண்டுமா வேண்டாமா என்று புரியுமா?

இப்படி எழுதிப் பாருங்கள்: "பம்ப் ஹவுஸில் பெரிய குழாயை மாற்றுகிறோம். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியிலிருந்து புதன்கிழமை மாலை வரை கீழ்க்கண்ட தெருக்களில் தண்ணீர் வராது. திங்கள் இரவே பிடித்து வையுங்கள். தண்ணீர் லாரி பள்ளிக்கூட வாசலில் காலையும் மாலையும் நிற்கும். புதன் இரவும் வராவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்." தெருப் பெயர் ஒன்றையும் விடாதீர்கள். ஏன், எப்போது, எங்கே, அதுவரை என்ன வழி, யாரைக் கேட்பது என்ற ஐந்துக்கும் அறிவிப்பில் விடை இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் அலுவலகத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விதான் நீங்கள் எழுதாமல் விட்ட வரி.

4. கேட்பவரின் மொழியில் பேசுங்கள்.

இங்கே அலுவல் மொழி கன்னடம். அதை மதித்து, எழுதப் படிக்கக் கற்று, அதிலேயே கடிதம் எழுதுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஊரில் பிழைக்கிறோம், இந்த ஊர் மொழி நமக்கும் மொழிதான். அதே சமயம் உதயகிரி, மண்டி மொஹல்லா பக்கம் வீட்டுக்குள் உருது பேசுகிறார்கள். தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்களுக்குத் தமிழ்தான் சரளம். காதால் கேட்கும் செய்தி அவரவர் மொழியில் போனால்தான் மனதில் நிற்கும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது சாசனத்தின் 350-ஆவது பிரிவு. தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும் அந்த இடத்துக்கு ஏற்ற வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. தமிழில் எழுதிய மனுவோடு ஒரு பாட்டி கவுன்டருக்கு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, வாங்கி, ரசீது கொடுங்கள்.

5. எந்தச் செய்தியையும் முதலில் தூய்மைப் பணியாளர்களான பௌரகார்மிகர்களுக்குச் சொல்லுங்கள்.

கமிஷனரை ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு முறை பேப்பரில் பார்ப்பார்கள். விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியோடு வரும் பௌரகார்மிகரைத் தினமும் வாசலில் பார்க்கிறார்கள். மாநகராட்சி என்றால் பல வீடுகளுக்கு அவர்தான். 2015-இலும் 2016-இலும் தூய்மைப் பட்டியலில் நாட்டிலேயே மைசூர் முதலிடம் பிடித்ததென்றால், ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரித்துத் தரும்படி வாசல் வாசலாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய அந்தப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

அதனால் விதி மாறினால், நேரம் மாறினால், வண்டி வராவிட்டால், காலை வருகைப் பதிவின்போதே அவர்களுக்கு விளக்கிவிடுங்கள். ஜனங்கள் கேட்கும் கேள்விக்கு என்ன சொல்வதென்றும் சொல்லிக் கொடுங்கள். மாலையில் அவர்களைக் கேளுங்கள்: எந்தத் தெருவில் என்ன முணுமுணுப்பு? உங்களுக்கு மனுவாக வரும் முன்பே குறை அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

6. கூட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் ஜனங்களின் வசதிக்கு வையுங்கள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வலய அலுவலக மாடியில் கூட்டம் வைத்தால், ஓய்வுபெற்றவர்கள் மட்டும் வருவார்கள். அவர்கள் சொல்வதும் முக்கியம்தான். ஆனால் வார்டு என்பது அவர்கள் மட்டும் இல்லை. சந்தைக்காரருக்கு மதியம் தோதுப்படும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலை. சமையலை முடித்துவிட்டு வரும் பெண்களுக்கு மாலை நான்கு மணி. ஒரே கூட்டத்தில் எல்லோரையும் பிடிக்க முடியாது. சின்னதாக இரண்டு மூன்று வையுங்கள்.

இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலி ஏற முடிகிறதா என்று முந்தின நாளே பாருங்கள். மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், நாற்காலியை வட்டமாகப் போடுங்கள். வார்டு வரைபடத்தைப் பெரிதாக ஒரு மேசையில் விரித்து, பென்சிலைக் கையில் கொடுங்கள். மைக்கில் பேசக் கூச்சப்படும் பெண், அந்த வரைபடத்தில் தன் தெருமுனையைத் தொட்டு, இங்கேதான் விளக்கு எரிவதில்லை, இந்த இடத்தில்தான் என் மகள் டியூஷன் முடிந்து வர பயப்படுகிறாள் என்று தானாகவே சொல்வார். உடனே அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அவர் கண்முன்னே எண்ணிட்டு, பதிவேட்டில் எழுதுங்கள்.

7. வராதவர்களைத் தேடிப் போங்கள்.

கூட்டத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர். வாடகைக்கு இருப்பவர், நடைபாதையில் பூ விற்பவர், ஹாஸ்டல் மாணவர், வீட்டு வேலை செய்யும் பெண் ஆகியோர் வரமாட்டார்கள். தங்களுக்கு அங்கே இடம் இல்லை என்றே நினைத்திருப்பார்கள். காந்திநகரில் பொதுக் குழாயடிக்குப் போங்கள், அசோகபுரத்தில் பூங்காவுக்குப் போங்கள், ராஜேந்திரநகரில் ரேஷன் கடை வரிசையில் நில்லுங்கள். பதினைந்து நிமிஷம் பேசினால் போதும். அன்று யார் பேசவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் நீங்கள் போக வேண்டிய இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கும்.

8. கந்தாயம் (சொத்து வரி) கட்டுகிறவருக்குக் கணக்கைக் காட்டுங்கள்.

ஏப்ரலில் ஐந்து சதவீதத் தள்ளுபடிக்காக ஜனங்கள் தாங்களே கவுன்டருக்கு வருகிறார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ரசீதோடு ஒரு தாளைக் கொடுங்கள்: போன வருஷம் இந்த வார்டில் எவ்வளவு கந்தாயம் வந்தது, எந்தச் சாலைக்கும் எந்தப் பூங்காவுக்கும் எவ்வளவு போனது, எந்த வேலை நிற்கிறது. வரவு செலவைச் சொன்ன பிறகு குறை கேட்பதுதான் ரங்காச்சார்லு போட்ட வரிசை. கணக்குத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி நியாயமானதாக இருக்கும்.

பட்ஜெட் போடும் முன்பே கேட்கும் வழக்கமும் உலகத்தில் இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் தொடங்கி வைத்தது. புனே மாநகராட்சி 2006-இலிருந்து மக்களிடம் வார்டு வேலைகளுக்கான யோசனைகளை வாங்குகிறது. நம் வார்டில் ஒரு சின்னத் தொகையிலிருந்தாவது தொடங்குங்கள். இரண்டு வடிகாலில் எதை முதலில் சீர் செய்வது என்று ஜனங்கள் தாங்களே பேசி முடிவெடுக்கட்டும்.

9. வல்லுநரையும் பிழைப்பு நடத்துபவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் வடபகுதி சரிந்தது. இடித்துக் கட்டுவதா, பழமை கெடாமல் செப்பனிடுவதா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பொறியாளருக்குச் சுவரின் பலம் கவலை. பாரம்பரியக் குழுவினருக்கு அந்தக் கட்டடத்தின் அழகும் வயதும் கவலை. மல்லிகையும் குங்குமமும் வெற்றிலையும் விற்பவருக்கு, கடையைக் காலி செய்தால் திரும்ப அதே இடம் கிடைக்குமா என்ற கவலை.

இந்த மூன்றும் நியாயமான கவலைகள். மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால், ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சதியாகத் தெரியும். சேர்த்து உட்கார வைத்து, பொறியாளரின் அறிக்கையை எளிய கன்னடத்தில் படித்துக் காட்டி, வியாபாரிக்கு மாற்று இடத்தையும் திரும்பி வரும் உரிமையையும் எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். பிழைப்பைப் பற்றிய பயம் தீராதவர் காதில் வேறு எதுவும் ஏறாது.

10. செல்போனை நம்புங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

வாட்ஸப்பில் புகார் போட்டோவோடு வந்தால் வேலை எளிது. ஆனால் புகார் அனுப்பியவருக்கு "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி போகிறது, வாசலில் சாக்கடை அப்படியே ஓடுகிறது. மாநகராட்சி மேல் ஜனங்களுக்கு வெறுப்பு வர இதைவிட வேறு காரணம் வேண்டாம். புகார் கொடுத்தவரை அழைத்து, சரியாகிவிட்டதா என்று கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே புகாரை முடியுங்கள். போன் இல்லாதவருக்காக வார்டு அலுவலகத்தில் கையால் எழுதும் பதிவேடும் இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே வரிசை எண்.

11. கோபத்தோடு வருபவரை எதிரியாக நினைக்காதீர்கள்.

வித்யாரண்யபுரத்தில் சூயஜ் ஃபார்ம் குப்பைமேட்டின் நாற்றத்தை ஆண்டுக்கணக்கில் சகித்தவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. முதலில் முழுவதும் கேளுங்கள். குறுக்கே விதியைச் சொல்லாதீர்கள். உங்களால் முடிவது எது, மேலே அனுப்ப வேண்டியது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். முடியாததை முடியும் என்று சொல்லி அந்த நேரத்துக்குத் தப்பிக்காதீர்கள்.

கும்பாரகொப்பலுவில் நடக்கும், கழிவை மிச்சம் வைக்காத குப்பை மையத்தை ஒரு நாள் போய்ப் பாருங்கள். அதை ஏற்று நடத்துவது வார்டு பார்லிமெண்ட்களின் கூட்டமைப்பு, அதாவது நம்மைப் போன்ற குடியிருப்பாளர்கள். பிரித்த குப்பையிலிருந்து அங்கே உரம் ஆகிறது, மற்றவை விற்பனைக்குப் போகின்றன. கேட்கும் காது கிடைத்தால், குறை சொல்பவரே ஒரு நாள் வேலையைத் தோளில் எடுத்துக்கொள்வார்.

12. எல்லாவற்றுக்கும் மேலாக, பதில் கொடுங்கள்.

கூட்டம் முடிந்து பதினைந்து நாளுக்குள் ஒரு தாள் வெளிவர வேண்டும். ஐந்து பத்திகள்: ஜனங்கள் என்ன சொன்னார்கள், என்ன முடிவு, அதற்குக் காரணம் என்ன, செய்பவர் யார், எந்தத் தேதிக்குள். ஏற்காத யோசனையையும் எழுதுங்கள், ஏன் ஏற்கவில்லை என்றும் எழுதுங்கள். ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டமே கட்டளையிடுகிறது. சான்றிதழும், சொத்துப் பதிவான காத்தாவும் இத்தனை நாளில் கிடைக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சகாலா சட்டம் கெடு வைத்திருக்கிறது. ஜனங்கள் வாய்விட்டுச் சொன்ன சொல்லுக்கும் அப்படி ஒரு கெடுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளை வார்டு அலுவலகச் சுவரில், நியாயவிலைக் கடையில், பால் பூத்தில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போது முதல் வேலையாக அதைப் படியுங்கள். முடிந்ததற்கு டிக் போடுங்கள், முடியாததற்கு எழுந்து நின்று விளக்கம் சொல்லுங்கள். "முடியாது" என்று நேராகச் சொன்னவரை ஜனங்கள் மன்னித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டு போய்த் திரும்பியே வராதவரை அவர்கள் மன்னித்ததே இல்லை. அடுத்த முறை அவர் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் காத்திருக்கும்.

புதிதாக வருகிற உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வார்டின் முதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போதே, பதில் தாள் வெளிவரும் தேதியையும் அதே நோட்டீஸில் அச்சிடுங்கள்.